சூரியகாந்தி விதை அகலம்

பாகூ நகரத்துக்குப் பக்கத்தில் எங்கள் பாலாகானியில் வந்து குல்பெனிஸ் வீடு எது என்று கேட்டால் தலையைச் சொறிவார்கள். ஒடிந்த இரும்போடு பேசுகிறவள் வீடு எது என்று கேட்டால், தெருவில் மேய்கிற வாத்துகூட முன்னால் நடந்து வழி காட்டும். நாற்பத்தாறு வயது, ஒல்லி உடம்பு, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் பூதக்கண்ணாடி. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லுவாள். நானறிந்து பதினேழு காரணம் ஆகிவிட்டது, பதினேழும் பொய்.

எண்ணெய்க் கிணற்று நிர்வாகத்தின் தண்டுக் கொட்டகையில் அவளுக்கு வேலை. எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு கொல்லைப்புறத்தில் எண்ணெய் இறைக்கும் ஒரு தலையாட்டி இயந்திரம் நின்றுகொண்டு, மாமியார் சொல்வதற்கெல்லாம் ஆமாம் போடும் மருமகனைப் போல நாள் முழுக்கத் தலையாட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தலையில் கட்டிய இரும்புத் தண்டுகள் ஒன்றோடொன்று மரை போட்டு முறுக்கப்பட்டு, கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்குக் கிணற்றுக்குள் தொங்கும். ஒவ்வொரு தண்டும் எட்டு மீட்டர். இரண்டு தண்டை இணைக்க நடுவில் ஒரு கப்ளிங். கிணற்றிலிருந்து வெளியே வரும் தண்டுகளின் மரையை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, சுண்ணாம்புத் தூள் தூவிப் பார்ப்பாள் குல்பெனிஸ். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால், உள்ளே புகுந்த மண்ணெண்ணெய் கசிந்து வெள்ளைத் தூளில் ஒரு கறுப்புக் கோடு விழும். கோடு விழாத தண்டுக்கு ஒரு வெள்ளைப் புள்ளியும் பதிவேட்டில் அவள் கையெழுத்தும் கிடைக்கும். பத்தொன்பது வருஷமாக இதுதான் அவள் பிழைப்பு, அவள் பெருமையும் அதுதான்.

அவளுடைய அக்கா ருபாபாவின் கணவன் மிர்சபாலா, கிணறு பழுது பார்க்கும் கூட்டத்துக்குத் தலைவன். ஊரே உஸ்தா, அதாவது தொழில் ஆசான், என்று கூப்பிடும். அந்தப் பட்டம் அவன் சுத்தியலால் வந்தது. தண்டுகளை முறுக்கிக் கிணற்றில் இறக்கும்போது, ஒவ்வொரு கப்ளிங்கையும் சுத்தியலால் டங்கென்று ஒரு தட்டு தட்டுவான். குனிந்து காதை வைப்பான். கண்ணை மூடுவான். பிறகு, "பாடுது. இறக்கு!" என்பான். சிலது பாடாது. அதை இன்னும் ஒரு இழுப்பு முறுக்கச் சொல்லுவான். இரும்பின் குரல் கேட்கிற மனுஷன் என்று பாகூ வரைக்கும் பேச்சு.

"அத்தான், எனக்காக ஒரு கல்யாணப் பாட்டு பாடச் சொல்லுங்களேன் உங்க கப்ளிங்கை," என்று குல்பெனிஸ் சீண்டுவாள்.

"உன் கல்யாணத்துக்கு அது ஒப்பாரிதான் பாடும், மாப்பிள்ளையை நெனச்சு," என்பான் மிர்சபாலா.

இப்படி விளையாட்டாகப் போய்க்கொண்டிருந்த உறவில் முந்நூற்றுப் பதினேழாம் கிணறு வந்து மண்ணைப் போட்டது. அந்த வசந்தத்தில் மட்டும் மூன்று தடவை அதன் தண்டு ஒடிந்தது. ஒவ்வொரு முறையும் ஒடிந்த இடம் மரை முனை. ஒவ்வொரு முறையும் கிணற்றுக்குள் தூண்டில் போட்டு மிச்சத் தண்டை மீன் பிடிப்பது போலப் பிடித்து மேலே ஏற்ற ஒரு வாரம் ஆனது. ஜூன் முதல் வாரம் விசாரணை வைத்தார்கள். பெரிய பொறியாளர் ஃபெர்ருக் நடுநாற்காலியில் உட்கார்ந்தார். வாசல் பெருக்கும் துடைப்பத்தைக் குறுக்காக ஒட்டியது போன்ற மீசை அவருக்கு.

"உஸ்தா முறுக்கினதுல குத்தம் இருக்க முடியாது. அவரு காதுக்குத் தப்பி ஒண்ணும் போகாது," என்றார் ஃபெர்ருக். "அப்ப தண்டுதான் ஓட்டை. ஓட்டைத் தண்டுக்கு வெள்ளைப் புள்ளி வெச்சது யாரு?"

"நான்தான். ஆனா தண்டு நல்ல தண்டு, ஐயா," என்றாள் குல்பெனிஸ்.

"நல்ல தண்டு ஏம்மா ஒடியுது?"

எண்ணெய்த் தொழிலாளர் தினம் செப்டம்பர் முதல் ஞாயிறு. அதற்குள் அந்தக் கிணறு இன்னொரு முறை ஒடிந்தால் அவளைக் கொட்டகையிலிருந்து தூக்கிச் சாப்பாட்டுக்கூடத்துக்கு மாற்றுவது என்று முடிவானது. ஒடியாவிட்டாலும் அன்றைக்கே மறுபடி விசாரித்துத்தான் சொல்வோம் என்று ஒரு கொக்கியும் வைத்தார்கள். சாப்பாட்டுக்கூடத்தில் என்றால் கோதுமை ரவை அளக்கும் வேலை. பூதக்கண்ணாடி வைத்துக் கோதுமை ரவையில் என்னத்தைப் பார்ப்பது? அவள் அன்று மாலை அழுதாள் என்று சொன்னால் என்னை வெட்டிப் போடுவாள். ஆனால் அழுதாள்.

அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு, ஒடிந்த மூன்று மரை முனைகளையும் மேசையில் வரிசையாக வைத்தாள்.

"சொல்லுங்கடி, உங்களை யாரு என்ன பண்ணினாங்க?" என்று கேட்டாள்.

ஒடிந்த முகத்தில் முக்கால்வாசி வழவழப்பாக இருந்தது. குளத்தில் கல் போட்டால் வரும் வட்டம் போல வரி வரியாக வளையங்கள். மீதிக் கால்வாசி சொரசொரப்பு. ஒரே இழுப்பில் அறுந்த இரும்பு முழுக்கச் சொரசொரப்பாக இருக்கும். இது அப்படி அறுந்ததில்லை. ஒரு மயிரிழை விரிசல் தினம் கொஞ்சம் கொஞ்சமாக நடந்து போய், கடைசியில் தாங்க மாட்டாமல் மிச்சம் பிய்ந்திருக்கிறது. இறுக்கமாக முறுக்கிய இணைப்பில் தண்டின் தோளும் கப்ளிங்கின் விளிம்பும் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துக்கொண்டு சுமையைப் பகிர்ந்துகொள்ளும். தளர்வாக விட்டால் பாரம் முழுக்க மரையின் அடிப்பள்ளத்தில் விழுந்து, தலையாட்டி ஆடும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அது ஒருமுறை வளையும். நிமிஷத்துக்கு எட்டு ஆட்டம். நாளைக்குப் பதினோராயிரத்துச் சொச்சம். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். மரைக்கு அடிகூட வேண்டாம், அந்தச் சின்ன அசைவே போதும்.

ஆக, தளர்வு. ஆனால் நூற்றிருபது இணைப்பில் ஏன் இந்த ஒன்று மட்டும்? பதிவேட்டைப் புரட்டினாள். முதல் முறை ஒடிந்தது அடியிலிருந்து எண்ணினால் ஐம்பத்தெட்டாவது. அடுத்தது அறுபத்தொன்று. மூன்றாவது அறுபது. அவள் விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். காலை எட்டு மணிக்கு அடித்தண்டு இறங்கும். ஒரு தண்டு முறுக்கி இறக்க நாலு நிமிஷம். அறுபதாவது தண்டு இறங்கும்போது மணி என்ன? பன்னிரண்டு.

பன்னிரண்டு மணிக்கு ருபாபா சோறு கொடுத்து அனுப்புவாள். துணி சுற்றிய பானையில் சுடச்சுட தூஷ்பரா. குண்டுமணி போலச் சின்னச் சின்னதாகக் கறி வைத்த மாவு உருண்டை மிதக்கிற ரசம். அந்த வாசனைக்கு நானே பலமுறை அந்தப் பக்கம் வேலை இருப்பது போலப் போயிருக்கிறேன்.

"அட பாவி அத்தான்! பசிக்கிற நேரத்துல எல்லாக் கப்ளிங்கும் உனக்கு நல்லாப் பாடுதா?" என்று குல்பெனிஸ் கத்தியதில் கொட்டகைக் கூரையிலிருந்த புறாக்கள் பறந்தன.

சண்டை போட ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கினாள். அக்கா வீட்டுக்குப் போனபோது மிர்சபாலா சுவரைப் பார்த்து, வானொலிப் பெட்டிக்கு முன்னால் சாய்ந்திருந்தான். கண் மூடியிருந்தது. தலை அப்படியும் இப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. இடையிடையே, "ஆஹா!" என்று கையை வேறு வீசினான். ஆனால் அறையில் ஒரு சத்தமும் இல்லை. குல்பெனிஸ் எட்டிப் பார்த்தாள். வானொலியின் வயர் சுவரில் செருகப்படாமல் தரையில் கிடந்தது. பூனை அதைக் கடித்து விளையாடிக்கொண்டிருந்தது.

அவள் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, "அத்தான், வீடு பத்திக்கிச்சு," என்றாள். அவன், "ஆஹா!" என்றான்.

ருபாபா ஓடி வந்து தங்கையைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"எத்தனை நாளாக்கா?"

"ஆறு வருஷம்டி. இயந்திரச் சத்தத்துல போயிடுச்சு. உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்குறாரு. என்கிட்டகூடச் சொல்லலை, நானும் கேக்கலை."

குல்பெனிஸுக்குப் பல விஷயம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. கூட்டத்தில் நாலு பேரில் மூன்று பேரோடு அவனுக்கு ஒரு வம்பும் இல்லை. எல்தெனிஸ் ஒருவனோடு மட்டும் தினம் சண்டை. "வாய்க்குள்ளயே முணுமுணுக்காதடா!" என்று அவனைத்தான் திட்டுவான். எல்தெனிஸுக்கு உதட்டை மூடித் தொங்கும் மீசை. பாவம், அவன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டுதான் இருந்தான். செவிடன் காதில் ஊதிய சங்கு.

"வெளிய தெரிஞ்சா மருத்துவக் குழு அன்னிக்கே வேலையிலேர்ந்து எடுத்துடும். ஓய்வுக்கு இன்னும் மூணு வருஷம் கிடக்கு," என்று ருபாபா அழுதாள். மேசையிலிருந்த ரொட்டியை எடுத்துத் தங்கை கையில் வைத்தாள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு இது மேல சத்தியம் பண்ணு."

ரொட்டி மேல் சத்தியம் செய்துவிட்டு மீறியவர்கள் எங்கள் ஊரில் கிடையாது. குல்பெனிஸ் செய்தாள். செய்துவிட்டு வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள். தன்னைக் காப்பாற்றும் ஒரே உண்மையை இப்போதுதான் தன் கையால் பூட்டிச் சாவியை அக்காவிடம் கொடுத்திருக்கிறாள். ஆனால் பாதி வழியில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்பதுதான் சத்தியம். மிர்சபாலாவிடமே சொல்லக் கூடாது என்று அதில் எங்கே இருக்கிறது?

நாலாவது முறையாகத் தண்டு இறக்கும் நாளன்று வெள்ளை வண்ண டப்பா, ஒரு மெல்லிய தூரிகை, ஒரு பொட்டலம் வறுத்த சூரியகாந்தி விதை, இவற்றோடு கிணற்றடிக்குப் போனாள். ஆட்களை விட்டுத் தள்ளி மிர்சபாலாவுக்கு நேரே நின்று, உதட்டை நன்றாக அசைத்துச் சத்தமே வராமல் கேட்டாள்.

"அத்தான், போன ஞாயித்துக்கிழமை ரேடியோவுல என்ன பாட்டு?"

"பழைய பாட்டு ஒண்ணு. அருமையா..."

"வயரு பூனை வாயில இருந்துச்சு."

மிர்சபாலாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. சுத்தியலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான்.

"யாருக்குச் சொன்னே?"

"ரொட்டி மேல சத்தியம், யாருக்கும் சொல்ல மாட்டேன். நீங்க உங்க மீசை மேல சத்தியம் பண்ணுங்க, இன்னிக்கு நூத்திருபதையும் நான் சொல்ற அளவுல முறுக்குவேன்னு."

"என் கைக்கு அளவு சொல்ல நீ யாருடி?"

"சரி. அப்ப மத்தியானம் வரைக்கும் உங்க இஷ்டம். நான் கோடு மட்டும் போடுறேன்."

அவள் செய்தது இவ்வளவுதான். கையால் முறுக்கித் தோளும் கப்ளிங்கும் முட்டி நின்றதும் இரண்டின் மேலும் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு. பிறகு ஸ்பேனர் போட்டு இழுத்தால் கோடு இரண்டாக விலகும். ஒரு சூரியகாந்தி விதையின் அகலம் விலக வேண்டும். அதற்குக் குறைந்தால் தளர்வு, ரொம்ப மிஞ்சினாலும் மரை தாங்காது. அளவு அவள் பழைய கையேடுகளைப் புரட்டிப் பார்த்தது. விதை அவளாகக் கண்டுபிடித்தது.

"அக்கா, நான் அளவைத் தின்னுட்டேன்," என்றான் எல்தெனிஸ், ஒன்பதாவது தண்டில்.

"பொட்டலத்துல இன்னும் நானூறு அளவு இருக்கு. தோலைக் கிணத்துல துப்பாதே."

காலையில் விதை கச்சிதமாக உட்கார்ந்தது. பத்து மணிக்கும் உட்கார்ந்தது. மிர்சபாலா தட்டிக் காதை வைத்து, அவளை ஓரக்கண்ணால் பார்த்து, பார்த்தாயா என்பது போல மீசையை நீவினான். அதைச் சொல்லியாக வேண்டும், அந்த மனுஷன் கை உண்மையிலேயே நல்ல கை. பதினொன்றே முக்காலுக்குக் காற்றில் தூஷ்பரா வாசனை வந்தது. ஐம்பத்தொன்பதாவது தண்டைத் தட்டினான், குனிந்தான், கண்ணை மூடினான்.

"பாடுது. இறக்கு!"

"நில்லுங்க," என்றாள் குல்பெனிஸ். கோட்டுக்கு நடுவில் விதையை வைத்தாள். விதையில் பாதி வெளியே நின்றது.

உஸ்தா சொல்லிவிட்டாரே என்று ஆட்கள் அதை இறக்கிவிட்டார்கள். அறுபதிலும் அதே கதை. அறுபத்தொன்றில் விதையின் முனை மட்டும்தான் உள்ளே போனது. மிர்சபாலா அந்த விதையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கொழுந்தியாவைப் பார்த்தான். அவள் ஒன்றும் சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. அது அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அவன் எல்தெனிஸ் கையிலிருந்த ஸ்பேனரைப் பிடுங்கி, உடம்பு பாரம் முழுக்கக் கொடுத்துத் தானே இழுத்தான். விதை சரியாக உட்கார்ந்தது.

"முந்தின ரெண்டையும் மேல தூக்குங்கடா," என்றான். "மறுபடி முறுக்கணும்."

அதோடு சுத்தியலைத் திருப்பிப் பிடித்தான். அன்று சாயங்காலம் வரை மரக்கைப்பிடியால்தான் கப்ளிங்கைத் தட்டினான், மரம் பட்டு எந்தக் கப்ளிங்கும் பாடாது. உஸ்தா புது நுணுக்கம் ஏதோ பிடித்திருக்கிறார் என்று ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். தூஷ்பரா ஆறிப் போய்ப் பசை ஆகிவிட்டது. அன்றைக்கு அதை யாரும் குறை சொல்லவில்லை.

பிறகு காத்திருப்பு. ஜூன் போனது, ஜூலை போனது. குல்பெனிஸ் தினம் காலையில் வேலைக்குப் போகும் வழியை விட்டுச் சுற்றிக்கொண்டு முந்நூற்றுப் பதினேழைப் பார்த்துவிட்டுப் போவாள். ஆகஸ்டில் வடக்கேயிருந்து கஸ்ரிக் காற்று ஒரு வாரம் வீசி, ஊரெல்லாம் மணலைக் கொட்டியது. மணலில் கண்ணைத் திறக்க முடியாமல் அவள் அங்கே போய் நின்று, தலை ஆடுகிறதா என்று கைவைத்துப் பார்த்துவிட்டு வந்தாள். ஆடியது.

"ஆடுடி ராஜாத்தி, ஆடு. எனக்கு ரவை அளக்கத் தெரியாது," என்று அதனிடம் சொன்னதை நானே கேட்டேன்.

எண்ணெய்த் தொழிலாளர் தினத்தில் கலாசார மன்றத்தில் கூட்டம். முந்நூறு பேர். முன்வரிசையில் மாலை போட்டவர்கள், மூன்றாவது வரிசையில் குல்பெனிஸும் ருபாபாவும். முந்நூற்றுப் பதினேழு ஒடியாமல் ஓடியதற்காக மிர்சபாலாவை மேடைக்கு அழைத்தார்கள். கைதட்டல் எழுந்தது. ஃபெர்ருக் ஐயா பாராட்டுப் பத்திரத்தைக் கையில் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே, மேசையில் கிடந்த இன்னொரு காகிதத்தைத் தட்டினார். அது குல்பெனிஸை மாற்றும் உத்தரவு, கையெழுத்து இல்லாமல் காத்திருந்தது.

"உஸ்தா, சபைக்கு முன்னால ஒரு கேள்வி. மூணு தடவை ஒடிஞ்ச கிணறு இப்ப ஒடியலை. என்ன மாறிச்சு? தண்டா, கையா?"

ருபாபா தங்கையின் கையைப் பிடித்தாள். தண்டு மாறியது என்றால் குல்பெனிஸ் முன்னே ஓட்டைத் தண்டு கொடுத்தாள் என்று ஆகும். கை மாறியது என்றால் உஸ்தாவின் பேர் போகும். அதெல்லாம் மிர்சபாலாவுக்கு எட்டவே இல்லை. அவன் ஃபெர்ருக்கின் முகத்தில் தேடினான். அங்கே உதடே இல்லை, துடைப்பம்தான் இருந்தது. துடைப்பம் ஏதோ அசைந்து நின்றுவிட்டது. எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். கண்கள் ஒவ்வொரு வரிசையாகத் தடவிக்கொண்டு வந்து மூன்றாவது வரிசையில் நின்றன.

குல்பெனிஸ் வாயைத் திறந்தாள். சத்தமில்லாமல், ஒவ்வொரு சொல்லாக உதட்டில் வைத்துக் கொடுத்தாள்.

"தண்டு அதே தண்டுதான்," என்றான் மிர்சபாலா மேடையில். "நல்ல தண்டு. மூணு தடவையும் நல்ல தண்டுதான்."

சபையில் சலசலப்பு.

"மாறினது அளவு. ஒரு சூரியகாந்தி விதை அகலம். முன்ன நாங்க கண்ணை மூடிக்கிட்டு முறுக்கினோம், இப்ப பாத்து முறுக்குறோம். அளவு குடுத்தது குல்பெனிஸ். அவ கொட்டகையிலேர்ந்து போனா அளவும் போயிடும்."

மூன்றாவது வரிசையில் உதடுகள் நிற்கவில்லை. இத்தனை தூரம் வந்த பிறகு குல்பெனிஸுக்கு ஆசை அடங்கவில்லை.

"அப்புறம், வர்ற அக்டோபர் மாசம் என் மனைவி ருபாபாவைக் கிஸ்லோவோத்ஸ்க் ஊருக்கு, ஊத்துத் தண்ணி வைத்தியத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்," என்றான் மிர்சபாலா. சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. சபை கைதட்டியது. ருபாபா வாயைப் பொத்திக்கொண்டாள். குல்பெனிஸ் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

அவ்வளவுதான், இறங்கிவிடுவான் என்று நினைத்தோம். அவன் இறங்கவில்லை. கொழுந்தியாவின் மூடிய உதட்டைப் பார்த்தபடி இன்னும் ஒன்று சொன்னான். அது அவள் கொடுத்ததில்லை.

"இன்னொண்ணு. கப்ளிங் பாடுது பாடுதுன்னு நான் சொன்னதெல்லாம் பொய். எனக்கு ஆறு வருஷமாக் காது கேக்காது."

அடுத்த நொடி முந்நூறு பேரும் வெடித்துச் சிரித்தார்கள். ஃபெர்ருக் ஐயா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். இரும்பின் குரல் கேட்கிற உஸ்தா, கேட்ட கேள்விக்கு இத்தனை அழகாகப் பதில் சொல்லிவிட்டு, முகத்தில் ஒரு கோணலும் இல்லாமல் இப்படி ஒரு வேடிக்கை பேசுகிறாரே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையோடு மாற்றல் உத்தரவை நாலாகக் கிழித்தார். எல்தெனிஸ் மட்டும் சிரிக்கவில்லை. தன் மீசையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் அவன் மழுங்கச் சிரைத்துக்கொண்டு வேலைக்கு வந்தான். அதன் பிறகு அவர்களுக்குள் சண்டையே இல்லை.

குல்பெனிஸ் இன்றைக்கும் அதே கொட்டகையில்தான் இருக்கிறாள். சுத்தியலை மிர்சபாலா வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். கொழுந்தியா தேநீர் குடிக்க வரும்போதெல்லாம் சர்க்கரைக் கட்டியை அதால்தான் உடைப்பான். ஓங்கி ஒரு தட்டு தட்டுவான், குனிந்து சர்க்கரையில் காதை வைப்பான், கண்ணை மூடுவான்.

"பாடுதா அத்தான்?" என்று அவன் முகத்துக்கு நேராக வந்து கேட்பாள் அவள்.

"உன் கல்யாணப் பாட்டுதான்," என்பான். "ஆனா சுருதி கொஞ்சம் தளர்வா இருக்கு. ஒரு விதை அகலம்."